அந்தச் சலிப்பைக் காது கொடுத்துக் கேளுங்கள்: மெடிக்கல் கோடிங் டீம் லீடர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டீம் லீடர்களே, குவாலிட்டி ஆடிட்டர்களே, பயிற்சியாளர்களே,



சென்னையிலும் திருச்சியிலும் கோவையிலும் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளைப் படித்து, நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை, அதாவது கோடை, போடும் அலுவலகங்களில் ஒரு சலிப்பு பரவியிருக்கிறது. உங்களுக்குத் தெரியாததல்ல. கேன்டீன் மேசையில் அது புலம்பலாக வருகிறது. டீம் கூடிப் பேசும் ஹடிலில் மௌனமாக வருகிறது. ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணம்" என்ற இரண்டு வார்த்தைகளாக வருகிறது. சார்ட்டைத் தானே படித்துக் கோடு சொல்லும் ஏஐ மென்பொருள் வந்ததிலிருந்து இது கூடிக்கொண்டே போகிறது. மேலிடம் இதற்கு "மாற்றத்தை ஏற்காத மனநிலை" என்று பெயர் வைத்திருக்கிறது. அதற்கு மருந்தாக ஒரு மணி நேர உற்சாகப் பேச்சும் மன அழுத்தத்தைக் குறைக்கும் மூச்சுப் பயிற்சியும் அனுப்பி வைக்கிறது.

ஐசிடி-9 என்ற பழைய நோய்க் குறியீட்டுத் தொகுப்பின் காலத்தில் இந்தத் தொழிலுக்கு வந்து, பிறகு பல ஆண்டுகள் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவள் நான். மேலிடம் வைத்த இந்தப் பெயரை என்னால் ஏற்க முடியவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் பேசிப் பேசி எனக்குப் புரிந்தது இதுதான்: முடிவெடுப்பது மென்பொருளாகவும் பழி சுமப்பது தாங்களாகவும் இருக்கிற ஏற்பாடுதான் அவர்களை வாட்டுகிறது. அதை மாற்றக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீங்கள். அதனால்தான் இந்த மடல் உங்களுக்கு.

நம் கோடர்கள் மாற்றத்துக்கு அஞ்சுபவர்கள் என்று சொல்கிறவர்கள் 2015 அக்டோபர் 1-ஆம் தேதியை நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ஒரே நாளில் அமெரிக்க மருத்துவத் துறை ஐசிடி-9-ஐ விட்டு ஐசிடி-10-க்கு மாறியது. நோய்களுக்கான கோடுகள் சுமார் 14 ஆயிரத்திலிருந்து 70 ஆயிரத்தை நெருங்கின. இடது கையா வலது கையா, முதல் முறை சிகிச்சைக்கு வருகிறாரா தொடர்ந்து வருகிறாரா, முறிந்த எலும்பு ஒழுங்காகக் கூடிவருகிறதா என்று அதுவரை இவ்வளவு விரிவாகக் கேட்காத கேள்விகளையெல்லாம் கோடு கேட்கத் தொடங்கியது. பயோடெக், மைக்ரோபயாலஜி, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று ஏதேதோ படித்துவிட்டு வந்த பிள்ளைகள் உடற்கூறியல் புத்தகத்தைத் திரும்பவும் கையில் எடுத்தார்கள். 2013-இல் வர வேண்டிய ஐசிடி-10, 2014-க்கும், பிறகு 2015-க்கும் தள்ளிப்போனது. ஒவ்வொரு முறையும் சலித்துக்கொண்டார்கள், ஆனாலும் படித்தார்கள். ஒரே சார்ட்டுக்குப் பழைய முறையிலும் புதிய முறையிலும் கோடு போட்டுப் பழகினார்கள்.

அந்த மாற்றத்தை எப்படிக் கடந்தோம் என்பதுதான் முக்கியம். வேகம் குறையும் என்று எல்லோரும் முன்கூட்டியே எதிர்பார்த்தோம். அதற்கேற்ப டார்கெட்டை இறக்கிவிட்டு, கை பழகப் பழகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். கேள்வி கேட்டவர்களை யாரும் சோம்பேறி என்று சொல்லவில்லை. அவர்களின் கேள்விகளைத் தொகுத்துத்தான் எங்கள் பயிற்சிக் குறிப்புகளே உருவாயின.

ஏஐ வந்தபோது நடந்தது தலைகீழ். கருவி வந்த கையோடு டார்கெட் ஏறியது. "பாதி வேலையை அது செய்துவிடுகிறதே, அப்புறம் என்ன?" என்ற கணக்கு. அந்தப் பாதியை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்து பார்த்தால் சில சமயம் வேறு விடை வருகிறது. 2025-இல் மீட்டர் என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 மென்பொருளாளர்களைத் தங்களுக்கு நன்கு பழக்கமான நிரல்களில் 246 வேலைகளைச் செய்ய வைத்தது. சில வேலைகளுக்கு ஏஐ பயன்படுத்தலாம், சிலவற்றுக்குக் கூடாது. ஏஐ இருந்தால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று தொடங்குமுன் கணித்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். கடிகாரம் சொன்னது வேறு: ஏஐ உடன் செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் பிடித்திருந்தது. சிறிய ஆய்வு, வேறு தொழில், அந்த நேரத்துக் கருவிகள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேலை செய்தவர்களே தங்கள் வேகத்தை இவ்வளவு தவறாக உணர முடியுமென்றால், வேலையைப் பார்க்காமல் டாஷ்போர்டை மட்டும் பார்க்கிறவர்கள் எந்த நம்பிக்கையில் டார்கெட்டை ஏற்றுகிறார்கள்?

இனி நம் மேசைக்கு வருவோம். மென்பொருள் எங்கே வழுக்குகிறது என்று எந்த அனுபவமுள்ள கோடரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வார். பத்து வருடத்துக்கு முன் மார்பகப் புற்றுநோய் வந்து, அறுவை சிகிச்சையும் முடிந்து, இன்று காய்ச்சலுக்கு வந்திருக்கும் அம்மாவின் சார்ட்டில் அந்தப் பழைய நோயின் பெயர் எங்கோ ஒரு வரியில் இருக்கும். அது இசட்85.3, கடந்துபோன வரலாறு. மென்பொருள் சி50 என்று நடப்பு நோயாக எடுத்துக்கொடுத்துவிடுகிறது. சில சார்ட்டுகளில் நோய் நோயாளிக்கே இருந்ததில்லை, அவருடைய தாய்க்கு இருந்தது. அவசரப் பிரிவுக்கு நெஞ்சுவலியோடு வந்தவருக்கு "மாரடைப்பாக இருக்கலாம், உறுதிசெய்ய வேண்டும்" என்று மருத்துவர் எழுதியிருப்பார். புறநோயாளி சார்ட்டில் சந்தேகத்தை நோயாக எழுதக் கூடாது, நெஞ்சுவலிக்குத்தான் கோடு என்பது நாம் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கும் பாடம். அதே வாக்கியம் உள்நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால் விதி மாறிவிடும் என்பது இரண்டாவது பாடம். இதையெல்லாம் மென்பொருள் பல சமயம் சரியாகவே செய்கிறது. தவறும்போதும் அதே மிடுக்கோடு தவறுகிறது என்பதுதான் சிக்கல். போதாததற்கு, மருத்துவரின் அறையிலேயே உரையாடலைக் கேட்டுக் குறிப்பெழுதும் ஏஐ அமெரிக்காவில் வந்துவிட்டது. பழைய குறிப்புகளை நகலெடுத்து ஒட்டும் வழக்கம் முன்பே உண்டு. ஆக, ஒரு இயந்திரம் எழுதியதை இன்னொரு இயந்திரம் படிக்கிறது. நடுவில் இருக்கும் மனிதரின் யூசர் ஐடி மட்டும்தான் கோடின் கீழே பதிவாகிறது.

இந்த யூசர் ஐடி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கோபம் பிறக்கிற இடம் இதுதான்.

மென்பொருள் சொன்ன கோடை ஏற்றுக்கொள்ள ஒரு கிளிக் போதும். மறுக்க வேண்டுமானால், பெட்டியைத் திறந்து காரணத்தைத் தேர்ந்தெடுத்து, சார்ட்டில் எந்தப் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது என்று காட்டி, சரியான கோடைத் தேடிப் போட வேண்டும். மறுத்ததற்குத் தனி நேரம் கிடையாது. புரொடக்‌ஷன் எண்ணிக்கையில் இரண்டும் ஒன்றுதான். மாலை ஐந்து மணிக்கு டார்கெட்டில் பின்தங்கியிருக்கும் ஒரு பெண் எந்தப் பக்கம் சாய்வாள்? சாய்ந்த பிறகு ஆடிட்டில் எரர் வருகிறது. எரர் ஷீட்டில் அவள் பெயர் ஏறுகிறது. 95 சதவீத அக்யூரசி தவறிவிட்டதென்று இன்சென்டிவ் போகிறது. "அக்கா, அது சொன்னதைத்தானே போட்டேன்" என்று ரிபட்டலுக்கு, அதாவது மறுவாதத்துக்கு, வந்தால், "நீதானே செக் பண்ணியிருக்கணும்" என்கிறோம். அடுத்த மாதம் அவள் எல்லாவற்றையும் உட்கார்ந்து செக் செய்தால், "ஏன் புரொடக்‌ஷன் குறைந்தது?" என்கிறோம். எந்தப் பக்கம் போனாலும் அடி விழும் என்று தெரிந்த பிறகு மனிதர்கள் சலிப்படைவது நோயல்ல. அது சரியான கணிப்பு.

கவனமாக இருந்தால் போதும், அனுபவம் காப்பாற்றும் என்று நினைக்கிறவர்கள் நம்மில் உண்டு. ஜெர்மனியில் நடந்து 2023-இல் ரேடியாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வை அவர்கள் பார்க்க வேண்டும். 27 கதிரியக்க மருத்துவர்களிடம் மார்பக எக்ஸ்ரே படங்களைக் கொடுத்து, ஏஐ என்ன சொல்கிறது என்பதையும் பக்கத்தில் காட்டினார்கள். சில படங்களுக்கு ஏஐ சொன்னதாக வேண்டுமென்றே தவறான விடையை வைத்தார்கள். ஏஐ சரியாகச் சொன்னபோது மிகுந்த அனுபவமுள்ள மருத்துவர்கள் சுமார் 82 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஏஐ தவறாகச் சொன்ன படங்களில் அதே மருத்துவர்கள் சுமார் 46 சதவீதத்துக்கு இறங்கினார்கள். அனுபவம் குறைந்தவர்கள் 20 சதவீதத்துக்கு வந்துவிட்டார்கள். திரையில் ஒரு விடை ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தால் மனித மனம் அதன் பக்கம் இழுபடுகிறது. நோயைப் படத்திலேயே பார்த்துப் பழகிய மருத்துவர்களுக்கே இந்தக் கதி. நம் ஃப்ரெஷர் பிள்ளையின் எரரை அவளுடைய அலட்சியம் என்று எழுதும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சுமையும் இருக்கிறது. அது டாஷ்போர்டில் தெரியாது. எளிய எக்ஸ்ரே சார்ட்டுகள், நேரான பேத்தாலஜி அறிக்கைகள் போன்றவற்றைப் பல இடங்களில் மென்பொருள் தானாகவே முடித்து பில்லிங்குக்கு அனுப்பிவிடுகிறது. அதற்குப் புரியாதவை மட்டும் மனிதருக்கு வருகின்றன. முன்பெல்லாம் ஒரு கடினமான சார்ட்டுக்குப் பிறகு நாலு எளிய சார்ட் வரும்; தலையை நிமிர்த்தி மூச்சு விடலாம். இப்போது காலையிலிருந்து மாலைவரை சிக்கலானவையே வரிசையில் நிற்கின்றன. சார்ட்டின் தன்மை மாறிவிட்டது; மணிக்கு இத்தனை என்ற எண் மட்டும் மாறவில்லை, சில இடங்களில் கூடியும் விட்டது. "வேலை முன்னைவிடக் கஷ்டமாக இருக்கிறது" என்று கோடர் சொன்னால் அது உண்மை. லிசான் பெயின்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1983-இலேயே தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு அறைகளைப் பற்றி இதைத்தான் எழுதினார்: தானியங்கி எளிதானதை எடுத்துக்கொண்டு, மிகக் கடினமானதையும் கண்காணிப்பையும் மனிதருக்கு விட்டுவைக்கிறது, கடினமானதைச் செய்வதற்குத் தேவையான கைப்பழக்கமும் அவரிடமிருந்து மெல்லப் போய்விடுகிறது.

அந்தக் கைப்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். எளிய சார்ட்டுகளிலிருந்து. நூற்றுக்கணக்கான சாதாரண எக்ஸ்ரேக்களைப் படித்துத்தான் அசாதாரணமான ஒன்றைக் கண்டுபிடிக்கும் கண் உங்களுக்கு வந்தது. இந்த வருடம் சேர்ந்த பிள்ளைக்கு அந்தப் படிக்கட்டே கிடையாது. அவள் நேராக மாடியில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஊரில் நகையை அடகு வைத்துக் கோடிங் கோர்ஸில் சேர்ந்து, சர்டிஃபிகேட் தேர்வுக்குக் கட்டணம் கட்டி, பெருங்குடியிலோ வேளச்சேரியிலோ ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண் அவள். கற்றுக்கொள்ள இடமே இல்லாத வேலையில் தன் எதிர்காலம் என்னவென்று அவள் இரவில் யோசிக்கிறாள். மூச்சுப் பயிற்சி அதற்கு விடை சொல்லாது.

நீங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். கருவியை வாங்கியது நீங்கள் இல்லை; டார்கெட்டை முடிவு செய்வதும் பெரும்பாலும் நீங்கள் இல்லை. கிளையன்ட்டுக்கும் கோடருக்கும் நடுவில் இருபக்கமும் பேச்சு வாங்குகிறவர்கள் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆடிட் ஷீட் உங்கள் கையில் இருக்கிறது. இந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அதிகாரம் வேறில்லை.

அந்த ஷீட்டில் ஒரு நெடுவரிசையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்த எரர் மென்பொருள் சொல்லி வந்ததா, கோடர் தானாகப் போட்டதா? இதற்கு மேலிடத்தின் அனுமதிகூடத் தேவைப்படாது. ஒரு மாதம் இப்படிப் பிரித்து எழுதினாலே மென்பொருள் எந்த இடத்தில், எந்த வகை சார்ட்டில், எந்த மருத்துவமனையின் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். பிறகு அந்த வகைகளுக்கு மட்டுமாவது டார்கெட்டைத் தனியாக வைக்கச் சொல்லி நீங்கள் எண்களோடு வாதாடலாம். "டீம் சலிப்பாக இருக்கிறது" என்று சொன்னால் எந்த மேலாளரும் நகர மாட்டார். "பழைய புற்றுநோயை நடப்பு நோயாகக் காட்டும் தவறுகள் இத்தனை, இவை அப்படியே போயிருந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தணிக்கையில் கிளையன்ட் மாட்டியிருப்பார்" என்று சொன்னால் நகர்வார். இல்லாத நோய்க்கு அரசுக் காப்பீட்டில் பில் போடுவது அமெரிக்காவில் எவ்வளவு பெரிய வழக்காக மாறக்கூடும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு தவறான பரிந்துரையைச் சரியாக மறுத்த கோடருக்கு அந்த நேரத்தைக் கணக்கில் கொடுங்கள். மறுப்பதும் வேலை, இன்றைக்கு அதுதான் முக்கியமான வேலை. எரர் ஷீட் இருப்பதைப்போலவே, பிடித்த தவறுகளுக்கும் ஒரு ஷீட் வேண்டும். அதில் வரும் பெயர்கள் அப்ரைசலில் எடையோடு நிற்க வேண்டும்.

ஃப்ரெஷர்களுக்கு மென்பொருளின் பரிந்துரையை மறைத்துவைத்து தினமும் சில சார்ட்டுகள் கொடுங்கள். முதலில் தாங்களாகக் கோடு போடட்டும். பிறகு திரையைத் திறந்து இயந்திரம் சொன்னதோடு ஒப்பிடட்டும். எங்கே தாங்கள் சரி, எங்கே அது சரி என்று பக்கத்தில் இருக்கும் சீனியரோடு உட்கார்ந்து பேசட்டும். எளிய சார்ட் இயந்திரத்துக்குப் போய்விட்டதென்றால், முடிந்த பழைய சார்ட்டுகளை எடுத்துப் பயிற்சிக்கு வையுங்கள். இதற்கு நேரம் செலவாகும். 2015-இல் செலவழித்தோமே. சீனியர்களுக்கும் இது நல்லது. மென்பொருளின் விடையைப் பார்க்காமல் முடிவெடுக்கும் பழக்கம் அவர்களிடமும் தேய்ந்துகொண்டு வருகிறது.

எந்தக் கோடு யார் சொன்னது என்ற அடையாளம் சார்ட்டில் கடைசிவரை இருக்க வேண்டும் என்று கேளுங்கள். இது பேராசையல்ல. 2023-இல் ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர்கள் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்ற ஒப்பந்தத்தில் இதற்கு நெருக்கமான ஒன்று இருக்கிறது: ஏஐ எழுதிய பகுதியை எழுத்தாளரிடம் கொடுத்தால், அது ஏஐ எழுதியது என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும், ஏஐ-ஐப் பயன்படுத்தச் சொல்லி எழுத்தாளரைக் கட்டாயப்படுத்தவும் கூடாது. இரண்டாவது உரிமை நமக்கு இப்போதைக்குக் கிட்டாது. முதலாவதைக் கேட்பதற்குச் சங்கம்கூட வேண்டாம், ஒரு மெயில் போதும்.

கடினமானதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். "அண்ணா, எங்க வேலை இருக்குமா?" என்று உங்களிடம் கேட்கிறார்கள். தெரியாதென்றால் தெரியாதென்று சொல்லுங்கள். "ஏஐ உங்கள் வேலையை எடுக்காது, ஏஐ தெரிந்தவர்தான் எடுப்பார்" என்ற மேடை வசனத்தை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கேட்பவர்களுக்கு அது பதிலாகப் படுவதில்லை, மிரட்டலாகத்தான் படுகிறது. நம் தொழிலில் இதற்கு முன் நடந்ததை அவர்கள் அறிவார்கள். மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கொடிகட்டிப் பறந்த காலத்தில் மருத்துவரின் குரலைக் கேட்டு வரிக்கு இவ்வளவு என்று தட்டச்சு செய்தவர்கள் பலர். குரலை எழுத்தாக்கும் மென்பொருள் வந்ததும் அவர்கள் "எடிட்டர்" ஆனார்கள். பெயர் உயர்ந்தது, வரிக்கான கூலி இறங்கியது. அவர்களில் பலர்தான் பிறகு கோடிங்குக்கு வந்தார்கள். சிலர் இன்றும் உங்கள் டீமில் சீனியர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் நின்று "எல்லாம் நல்லதுக்கே" என்று சொன்னால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர்கள் நம்ப மாட்டார்கள்.

உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லலாம். இந்தப் புராஜெக்டின் ஒப்பந்தம் எதுவரை இருக்கிறது, ஆட்களைக் குறைக்கும் பேச்சு இருக்கிறதா இல்லையா, ஆடிட், மறுக்கப்பட்ட கிளெய்ம்களைப் பார்க்கும் டினையல்ஸ் பிரிவு, மருத்துவரிடம் விளக்கம் கேட்கும் வேலை ஆகியவற்றுக்கு நகர வழி இருக்கிறதா, அதற்கான பயிற்சியை அலுவலக நேரத்தில் கொடுப்பீர்களா, கோடரின் சொந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுப்பீர்களா? இவற்றில் தெரியாதவற்றை நீங்கள் மேலே கேட்டு வந்து சொல்ல வேண்டும். கேட்டும் பதில் வரவில்லை என்றால் அதையும் சொல்ல வேண்டும். கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள். தங்களைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

ஒருவர் ஹடிலில் எரிந்து விழுந்தால் தனியாகக் கூப்பிட்டு மனநிலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், "எந்த சார்ட்?" என்று கேளுங்கள். கடைசியாக எரிச்சலூட்டிய சார்ட்டைத் திறக்கச் சொல்லி பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அவர் எந்த வரியில் நிற்கிறார், மென்பொருள் எந்த வரியைப் பிடித்தது, மறுக்க எத்தனை திரை தாண்ட வேண்டியிருந்தது என்று நீங்களே பாருங்கள். பல சமயம் கோபம் அந்தத் திரையிலேயே விளங்கிவிடும். சில சமயம் விளங்காது. வீட்டுக் கவலையோ கடனோ உடல்நலமோ அதற்குள் இருக்கும். அப்போது ஆலோசகரிடம் அனுப்பலாம், விடுப்பு கொடுக்கலாம். ஆனால் அது இரண்டாவது படி. முதல் படியைத் தாண்டிவிட்டு இரண்டாவதற்குப் போனால், "என் வேலையில் இருக்கும் கோளாறை என் மனதில் இருக்கும் கோளாறு என்கிறார்கள்" என்றுதான் அவருக்குத் தோன்றும்.

ஒவ்வோர் அக்டோபர் 1-ஆம் தேதியும் புதிய கோடுகள் வரும் என்பது நமக்குப் பழகிய விஷயம். அதற்கு முந்தைய வாரங்களில் மாற்றங்களைப் பட்டியலிட்டு டீமுக்கு வகுப்பெடுப்பீர்கள். இந்த முறை அந்த வகுப்பில் மென்பொருளுக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாடம் நடத்துவது விற்பனையாளராக இருக்க வேண்டாம். உங்கள் டீமிலேயே அதிகமாகப் புலம்புகிறவர் யாரோ அவரை எழுப்பி, அவர் பிடித்த பத்துத் தவறுகளை எல்லோருக்கும் காட்டச் சொல்லுங்கள். அவற்றைத் தொகுத்து மேலாளருக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கும் அனுப்பும்போது, கண்டுபிடித்த கோடரின் பெயரையும் அதில் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களோடு கோடு போட்டவள்